முப்பத்தேழு ஆடுகளின் தகப்பன்

தக்சாயினியை எனக்குப் பிடிக்காது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் வசதியாயிருந்திருக்கும்.

கம்பசில் நாலு வருசம் ஒரே பட்ச். அதற்குப் பிறகு இரண்டு வருசமாக ஒரே ஆய்வுகூடம், பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் கொழும்புத்துறையிலிருந்து தகப்பனின் காரில் வந்து இறங்குவாள். தகப்பன் டொக்டர், தாய் பள்ளிக்கூட அதிபர். நான் அளவெட்டியிலிருந்து மருதனார்மடம் மட்டும் சைக்கிள் மிதித்து, அங்கே தெரிந்த கடையில் சைக்கிளை விட்டுவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். மருதனார்மடச் சந்தையில்தான் அப்பா மரக்கறி மூட்டை இறக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் ஆள் என்றால் சனம் கைதட்டும். ஆனால் விளங்காத ஒன்றைக் கேட்பதற்கு வீட்டில் ஒருத்தரும் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

காரும் இங்கிலீசும் போகட்டும். அவளிடம் எனக்கு ஆகலும் எரிச்சல் தருவது, அவள் "தெரியாது" என்று சொல்கிற விதம். சேர் ஏதாவது கேட்டால் பேனையை உதட்டில் வைத்துக் கொஞ்சம் யோசிப்பாள். "தெரியாது சேர், பாத்துச் சொல்லுறன்" என்பாள். அவ்வளவுதான். யாரும் அவளைக் குறைவாக நினைப்பதில்லை. நான் தெரியாது என்றால் அப்பாவின் மூட்டை, அம்மாவின் ஆட்டுக்கொட்டில், எங்கள் ஒழுங்கை வீடுகள் எல்லாம் சேர்ந்து நின்று தெரியாது என்று சொன்னமாதிரி எனக்குப் படும். அதனால் தெரியாததற்கும் தலையாட்டிவிட்டு, பிறகு தனியே இருந்து மண்டை வெடிக்கப் படிப்பேன்.

எங்கள் வேலை ஆடு. வலிகாமத்து ஊர்களில் அறுநூற்று நாற்பது ஆடுகளின் இரத்தம் எடுத்து வைத்திருக்கிறோம். எந்த ஆட்டின் பரம்பரையில் பால் கூட வரும், எந்தக் கிடாயின் குட்டி நோய் தாங்கும் என்பதை மரபணுவிலிருந்து முன்கூட்டியே சொல்வதுதான் நோக்கம். ஒரு ஆட்டை முழுதாகப் பரிசோதித்தால் ஐம்பதாயிரம் இடங்களில் அதன் மரபணு எழுத்து என்னவென்று தெரியும். எல்லா ஆட்டுக்கும் அப்படிச் செய்ய வசதி இல்லை. அறுபது ஆட்டுக்குத்தான் முழுப் பரிசோதனை. மிச்சத்துக்குச் சின்னப் பரிசோதனை, மூவாயிரம் இடம் மட்டும். விடுபட்ட நாற்பத்தேழாயிரத்தையும் நாங்கள் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும்.

கேட்பவர்கள், "இல்லாததை எப்பிடி நிரப்புவியள்? கள்ளக்கணக்கோ?" என்பார்கள். கள்ளக்கணக்கில்லை. கோயிலில் ஒருவர் தேவாரம் பாடுகிறார், லவுட்ஸ்பீக்கர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று வையுங்கள். முதல் இரண்டு சொல் கேட்கிறது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு கடைசிச் சொல். அந்தப் பதிகம் பாடமான ஆள் நடுவில் விட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆட்டிலும் அதுதான். மரபணு துண்டு துண்டாகத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வருகிறது. தகப்பனின் துண்டுகள் தெரிந்தால், பிள்ளையில் அங்கங்கே கேட்கிற சத்தத்தை வைத்து மிச்சத்தைச் சொல்லலாம். பதிகத்தைப் பிழையாகப் பிடித்தால் நிரப்புவதெல்லாம் பிழைக்கும்.

சித்திரை கழிந்து ஒரு காலமை, எங்கள் சேர், கலாநிதி சண்முகநாதன், இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"நோர்வேயிலை பத்து மாதப் பயிற்சி. ஒரு இடம்தான் தந்திருக்கினம்" என்றார். "இருபது ஆட்டின்ரை முழு முடிவு இந்த அலுமாரிக்குள்ளை கிடக்கு. உங்களுக்கு அதுகளின்ரை சின்னப் பரிசோதனை முடிவு மட்டும் தாறன். மூண்டு கிழமை. ஆர் நிரப்பினது இதோடை கூடப் பொருந்துதோ அவர் போறார். பேந்து, சேர் ஆற்றையோ அப்பாவைப் பாத்து ஆள் எடுத்தவர் எண்டு ஒருத்தரும் கதைக்கப்படாது."

அதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். நான் அப்படிக் கதைப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் தக்சாயினி என் கையைப் பிடித்தாள். "ஆர் போனாலும் சந்தோசம்தானடி கலா."

"ஓம்" என்றேன். எனக்குச் சந்தோசமில்லை. அவளுக்கு இது தவறினால் லண்டனில் பெரியம்மா, அவுஸ்திரேலியாவில் மாமா. எனக்கு இது தவறினால் மருதனார்மடம்.

வேலையைத் தொடங்கி இரண்டாம் நாளே ஒன்று தட்டுப்பட்டது. முழுப் பரிசோதனை செய்த ஆடுகளில் கொஞ்சத்தை மறைத்துவைத்து நிரப்பிப் பார்த்தேன். மற்ற ஊர் ஆடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாக வந்தது. எங்கள் ஊர் ஆடுகளில் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஏன் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிசமும் எடுக்கவில்லை. அந்த ஊருக்கு ஆட்டுப் பதிவு எழுதியது நான்.

கடைசி வருசம் படிக்கும்போது அவரவர் ஊர்ப் பதிவை அவரவர் எழுதவேண்டும் என்று விட்டிருந்தார்கள். ஆடு, அதன் காது நம்பர், தாய், தகப்பன். எங்கள் ஊருக்குத் திட்டத்தில் ஒரு ஜமுனாபாரிக் கிடாய் கொடுத்திருந்தார்கள். நீளக் காது, வெள்ளை உடம்பு. பேர் ராசா. சீவரத்தினம் அண்ணையின் வளவில் கட்டியிருந்தது. பெட்டை ஆடு கிடாய் தேடிக் கத்தினால் அங்கே கொண்டுபோய் விடவேண்டும்.

ஊரில் இன்னொரு கிடாயும் நின்றது. வைரவர் கோயில் வேள்வியில் வெட்டுவதற்கு நேர்ந்துவிட்ட கிடாய். கழுத்தில் சிவப்புத் துண்டு. நேர்ந்ததை யாரும் கட்டுவதில்லை, அடிப்பதில்லை. வெங்காயப் பாத்திக்குள் இறங்கி நின்று மேய்ந்தாலும் "போ அப்பு" என்று கும்பிட்டுத்தான் கலைக்க வேண்டும். அதன் காலில் விழாத குறை. அது எங்கெங்கே போய் என்னென்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். காரணம் எங்கள் கோயிலில் ஒரு முறை இருக்கிறது: நேர்ந்த கிடாய்க்குப் பிறக்கிற குட்டிகளில், ஒவ்வொரு வீட்டிலும் முதல் கிடாய்க்குட்டி வைரவருக்கு. வளர்த்துக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு நான் கொப்பியோடு எங்கள் ஆடு சிவப்பியின் கொட்டிலடியில் நின்றேன்.

"சிவப்பியின்ரை குட்டிக்குத் தேப்பன் ஆர் அம்மா?"

"ராசா எண்டு எழுது."

"அம்மா, நான் கண்டனான். கிணத்தடியிலை வைரவற்றை கிடாய்..."

"கண்டனீ எண்டால் வாயைப் பொத்து. உன்ரை கொப்பியை வைரவர் வாசிக்கிறவரே?"

எழுதினேன். அடுத்த வீட்டிலும் ராசா. அதற்கடுத்த வீட்டிலும் ராசா. "கம்பஸ் படிச்சு ஆட்டுக்குத் தேப்பன் பேர் கேட்டு வாறாளப்பா" என்று படலையில் நின்று சிரித்துவிட்டு, ராசா என்பார்கள். கோயில் பூசாரி தம்பிஐயாவின் மனுசி இராசமலர் மாமிகூட, "எங்கடையளுக்கும் ராசாதான் பிள்ளை, வடிவா எழுது" என்றார். நான் எழுதினபடி ராசா அந்த ஒரு வருசத்தில் வேலை பார்த்திருந்தால் எலும்பாய்ப் போயிருக்கும்.

வைரவர் கிடாயில் இரத்தம் எடுக்கவும் வழியிருக்கவில்லை. நேர்ந்ததில் ஊசி குத்தக்கூடாது என்று தம்பிஐயா விடவில்லை. அந்த வருச வேள்வியோடு அது முடிந்தது.

இப்போது என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். சேரிடம் போய்ப் பதிவு பிழை என்று சொல்லவேண்டும். சொன்னால் இரண்டு பேரின் ஃபைலும் திருந்தும். இரண்டு பேருக்கும் திருந்தினால் எனக்கென்ன மிச்சம்? அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை.

நான் என்ரை ஃபைலை மட்டும் திருத்தினேன். கண்ணால் கண்டு நிச்சயமாகத் தெரிந்தது பன்னிரண்டு குட்டி. மிச்சத்தை அந்தப் பன்னிரண்டோடு ஒப்பிட்டுப் பிடித்தேன். மொத்தம் முப்பத்தேழு. எல்லாவற்றுக்கும் தகப்பன் என்ற இடத்தில் ராசாவின் நம்பரை அழித்துவிட்டு, எக்ஸ்-1 என்று இல்லாத ஒரு கிடாயைப் போட்டேன். பிள்ளைகளிடம் கிடக்கிற துண்டுகளை வைத்துக் கணினி அந்தக் கிடாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியெழுப்பியது. எண்பத்தைந்து தொண்ணூற்றைந்தாக ஏறியது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தக்சாயினி லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"கலா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கப்படாது."

"கேளன்."

"உங்கடை ஊர் ஆடுகளிலை முப்பத்தேழுக்கு ராசா தகப்பனா இருக்கேலாது எண்டு வருது. ராசாவிட்டை ஒரு எழுத்து மட்டும் இருக்கிற இடத்திலை பிள்ளையிட்டை அந்த எழுத்தே இல்லை. ஒண்டு ரண்டு இடம் எண்டால் பரிசோதனைப் பிழை எண்டு விடலாம். இது நூத்துக்கணக்கிலை. அதோடை பார், முப்பத்தேழும் தங்களுக்குள்ளை ஒரு தகப்பன்ரை பிள்ளையள் மாதிரிக் கிடக்கு."

நான் கிணற்றடியில் நின்று கண்ணால் கண்டதை இவள் கொழும்புத்துறையில் ஏசி அறைக்குள் இருந்துகொண்டு கண்டுபிடித்திருக்கிறாள். அந்தக் கிடாயின் மணத்தைக்கூட அறியாதவள். எண்ணிக்கைகூடப் பிசகவில்லை. முப்பத்தேழு.

"அப்ப நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன்.

"நான்தான் எங்கையோ நம்பரை மாத்தி அடுக்கிப்போட்டன் போலை. மூண்டு நாளாத் தேடுறன், பிழை அம்பிடுதில்லை. பதிவு நீ எழுதினதெல்லோ, அது பிழைக்காது. நீ அதுகளோடையே வளந்தனீ."

பகிடிக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே நம்பினாள்.

"பதிவு சரி" என்றேன். "நீ அடுக்கினதிலைதான் ஏதோ. இன்னொருக்கா வடிவாப் பார்."

"ஓமடி. தாங்ஸ்." தன் டப்பாவிலிருந்து இரண்டு துண்டு வாழைக்காய்ப் பொரியல் எடுத்து என் சோற்றில் வைத்துவிட்டுப் போனாள். உப்புக் கூட. அவ்வளவு பெரிய வீட்டில் சமைக்கிறவருக்கு உப்பு அளவு தெரியவில்லை என்று எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். இரண்டு துண்டையும் சாப்பிட்டேன்.

மூன்றாம் கிழமை முடிந்து திங்கட்கிழமை, சேர் அலுமாரியைத் திறந்தார். நாங்கள் இரண்டு பேரும் முன்னால் இருந்தோம். அவர் ஒப்பிட்டு முடிக்கும்வரை நான் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்தேன்.

"தக்சாயினி, எண்பத்தொன்பது. உதயகலா, தொண்ணூற்றாறு."

தக்சாயினி என் தோளில் தட்டினாள். "ஆர் போனாலும் சந்தோசமெண்டு சொன்னனான்தானே" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. அந்த உடைவைக் கேட்டு நான் சந்தோசப்பட்டேன். ஒரு முழு நிமிசம் நான் நோர்வேயில் இருந்தேன்.

"நில்லும்" என்றார் சேர். என் ஃபைலைத் திறந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த எக்ஸ்-1 ஆர்? முப்பத்தேழு ஆட்டுக்கு ராசாவை எடுத்துப்போட்டு இதைப் போட்டிருக்கிறீர். இதாலைதான் உமக்கு ஏறியிருக்கு. அருமையான வேலை. எப்பிடிப் பிடிச்சனீர்?"

தரவு சொல்லிச்சுது சேர். மூன்றே மூன்று சொல். நாக்கு நுனியில் வந்து நின்றது. அதில் பாதி உண்மையும் இருந்தது.

தக்சாயினி என் பக்கம் திரும்பினாள். முப்பத்தேழு என்ற எண் அவளுக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். வாழைக்காய்ப் பொரியலும் சேர்ந்துதான் இறங்கியிருக்கும். இப்போது கத்துவாள் என்று நினைத்தேன். கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

"சேர்," என்றாள், "கலா ராசாவோடை பொருந்தாத இடங்களை எண்ணியிருப்பா. எனக்கும் அந்த முப்பத்தேழு வந்தது. நான்தான் நம்பாமல் விட்டிட்டன். பிழை என்னிலைதான்."

என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இடத்தையும் எனக்கு விட்டுத்தந்து, நல்லவள் என்ற பேரையும் அவள் கொண்டுபோகப் போகிறாள். பத்து மாதமும் நான் அவள் தந்த நோர்வேயில் இருந்து அவள் தந்த பாணைத் தின்னவேண்டும். கார் அவளுக்கு, இங்கிலீசு அவளுக்கு, மூளை அவளுக்கு. இதுவுமா?

"அவ சொல்லுறது பிழை சேர்" என்றேன். "எண்ணினது பேந்து. எனக்கு முதலே தெரியும். அது எங்கடை ஊர் வைரவர் கோயில் கிடாய். பதிவைப் பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான். எங்கடை அம்மாவும் பொய் சொன்னவ, ஊரும் சொன்னது. இவ என்னட்டை வந்து கேட்டவ. பதிவு சரியெண்டு சொல்லி இவவைக் குழப்பினதும் நான்தான்."

மனச்சாட்சி உறுத்தியது என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த அறைக்குள் நல்லவளாயிருக்க அவளுக்கு ஒரு இடமும் மிஞ்சக்கூடாது என்று நினைத்தேன். அதுதான் காரணம்.

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படவில்லை, களைத்துப்போனார். "இரண்டு வருசமா இந்தப் பதிவைப் பாத்துத்தான் நான் மற்ற ஊருகளுக்குக் கிடாய் தெரிஞ்சு குடுத்தனான்" என்றார். "ராசாவின்ரை மோன் எண்டு."

எனக்கு அது உறைக்கவேயில்லை, அதுவரைக்கும். நான் தக்சாயினியை மட்டும்தான் கணக்கில் எடுத்திருந்தேன்.

"தக்சாயினி போறா" என்றார். "உம்மை நான் நிப்பாட்டேல்லை. வீடு வீடாப் போய்ப் பதிவைத் திருத்தும். அது முடியிற வரைக்கும் வேறை ஒண்டும் தொடவேண்டாம்."

வெளி விறாந்தையில் தக்சாயினி எனக்கு முன்னால் போய் நின்று திரும்பினாள்.

"ஏனடி சொன்னனீ?"

"உனக்காக இல்லை."

"அது தெரியும்" என்றாள். முதல் தடவையாக அவளின் குரல் என்ரை குரல் மாதிரி இருந்தது. "என்ரை மூண்டு நாளைத் தின்னிட்டாய். எனக்கு மூளை பிசகி விசராக்கிப்போட்டுது எண்டு நினைச்சு அழுதனான், தெரியுமே? நான் கேட்ட அண்டைக்குச் சொல்லியிருந்தால் ரண்டு பேருக்கும் தொண்ணூற்றாறு. பேந்து சேர் சீட்டுக் குலுக்கியிருப்பார்."

அவள் கார் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். அவளுக்குக் கோபம் வந்தது எனக்கு ஆறுதலாயிருந்தது. ஆனால் அந்தச் சீட்டை நான் இன்றுவரை மனதுக்குள் குலுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருக்கால் என்ரை பேர் வந்திருக்கலாம்.

ஆடிக்குள் தக்சாயினி பிளேன் ஏறிவிட்டாள். நான் கொப்பியோடு ஊருக்குள் இறங்கினேன். முதல் நாள் ஒருத்தரும் உண்மை சொல்லவில்லை. "பேந்தும் தேப்பன் தேடுறியே? கம்பசிலை வேறை வேலை இல்லையே?" இரண்டாம் நாள் இராசமலர் மாமிதான் வழி சொன்னார். கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, வைரவற்றை கிடாய் எண்டு எழுதுவியோ?"

"இல்லை மாமி. எக்ஸ்-1 எண்டு எழுதுவன்."

"அது வைரவருக்கு விளங்காதுதானே?"

"சேருக்கே விளங்கேல்லை."

"அப்ப எங்கடை மூண்டுக்கும் உந்த எக்ஸையே போடு."

அதற்குப் பிறகு ஊர் கடகடவென்று சொன்னது. படலைக்குப் படலை எக்ஸ்-1. மூன்று நாளில் முப்பத்தாறு.

கடைசியாக எங்கள் வீடு. அம்மா கொக்கத்தடியால் கிளுவைக் குழை பறித்துப் போட்டுக்கொண்டிருந்தா. சிவப்பியின் குட்டி இப்போது முறுக்கின கொம்போடு பெரிய கிடாய். அந்தத் தகப்பனுக்கு எங்கள் வீட்டில் பிறந்த முதல் கிடாய்.

"அம்மா, இவன்ரை தேப்பன் ஆர்?"

"உனக்குத் தெரியாதே?"

"எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னால்தான் எழுதுவன்."

அம்மா கொக்கத்தடியை வேலியில் சாத்தினா. "அந்தப் பிள்ளை பிளேனிலை போட்டுது. நீ இஞ்சை கொட்டிலுக்கை நிண்டு என்னட்டை ஆட்டு வழக்கு விசாரிக்கிறாய். இதுக்கே படிச்சனீ?"

"இதுக்குத்தான். சொல்லுங்கோ."

பறித்த குழையை அள்ளி அவனுக்கு முன்னால் போட்டா. பிறகு, "வைரவற்றை கிடாய்தான். கிணத்தடியிலை. நானும் கண்டனான்" என்றா.

மற்றவர்களைப்போல எக்ஸ்-1 என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு அது வரவில்லை. வாயால் சொல்லிவிட்டாவே, இனி மறைக்க ஏலாது. பின்னேரம் பழைய சீலையில் சிவப்புக் கரையைக் கிழித்து அவன் கழுத்தில் கட்டி, கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தா. என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

முப்பத்தேழாவது வரியையும் எழுதி, பதிவைச் சேருக்கும் தக்சாயினிக்கும் அனுப்பினேன். அன்றைக்கே நோர்வேயிலிருந்து பதில் வந்தது. பழைய இருபது ஆட்டையும் திரும்ப நிரப்பிப் பார்த்துவிட்டு, தக்சாயினி ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: "இப்ப எல்லாம் பொருந்துது. தொண்ணூற்றேழு."

தொண்ணூற்றேழு. எனக்கு வந்ததைவிட ஒன்று கூட. என்ரை கையெழுத்தில், என்ரை ஊர் சொன்ன உண்மையில், என்ரை அம்மா கோயிலில் விட்டுவந்த கிடாயில் ஏறின ஒன்று. அதை அவள் எடுத்துக்கொண்டாள். எடுப்பதற்கு அவளுக்கு உரிமையும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.